இருபத்தொரு அதிரசமும் ஒரு தெர்மாமீட்டரும்

எண்ணெயில் போட்ட முதல் அதிரசம் ஐந்து விநாடி சமர்த்தாக இருந்தது. அப்புறம் ஓரத்தில் நுரை கிளம்பியது, நடுவில் ஓட்டை விழுந்தது. நான் ஜல்லிக்கரண்டியை எடுப்பதற்குள் மொத்தமும் உதிர்ந்து வாணலி முழுக்கப் பழுப்பு மணலாகச் சுழன்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கொஞ்சம் தடிமனாகத் தட்டிப் போட்டேன். அது உதிர்வதற்கு இன்னும் ஐந்து விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அன்றைக்கு 2024 அக்டோபர் 29, செவ்வாய்க்கிழமை. வியாழன் தீபாவளி, வெள்ளி நோன்பு. படையலுக்கு 21 முழு அதிரசம் வேண்டும். அது போக அன்று சாயங்காலம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர்கள் 22 பேர். எல்லாரிடமும், "இந்த வருஷம் கடையில் வாங்கவில்லை, நானே சுடுகிறேன்" என்று போன் போட்டுப் பெருமை வேறு அடித்திருந்தேன்.

எங்கள் ஊர் ஆற்காடு. வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கங்களில் நோன்பு எடுக்கிற வீடுகளுக்குத் தீபாவளி பட்டாசோடு முடிவதில்லை. ஐப்பசி அமாவாசையில் கேதார கௌரி நோன்பு இருக்கிறது. 21 இழையில் 21 முடிச்சுப் போட்ட மஞ்சள் கயிறு, 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 வாழைப்பழம், 21 அதிரசம். 2024-ல் அமாவாசை வியாழன் பிற்பகலில் தொடங்கி வெள்ளி மாலை வரை நின்றதால் நிறைய வீடுகளில் நோன்பு வெள்ளிக்கிழமைக்குப் போனது. அரசாங்கமும் அன்று விடுமுறை விட்டுவிட்டது, வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாரும் வர முடிந்ததற்கு அதுதான் காரணம்.

அதிரசம் இத்தனை வருஷமும் அம்மா கை. மூட்டுவலி விரலுக்கு வந்த பிறகு மாவு பிசைய முடியவில்லை. இரண்டு வருஷம் கடையில் வாங்கினோம். கடை அதிரசம் சாப்பிட நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டியைத் திறந்து எண்ணும்போது ஒன்று விண்டிருக்கும், ஒன்று ஓரம் பிய்ந்திருக்கும். விரிசல் விட்டது எண்ணிக்கையில் சேராது என்பது அம்மாவின் சட்டம். அதனால் இந்த முறை நான் இறங்கினேன். எலெக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன், அளந்து செய்தால் எதுவும் வரும் என்று ஒரு நம்பிக்கை. தராசு இருந்தது, சமையல் தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன்.

ஞாயிறு, 27

அம்மா கணக்கு: ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். நான் எடுத்தது ஒன்றரைக் கிலோ அரிசி, 1,125 கிராம் வெல்லம். ஒரு அதிரசத்துக்கு 45 கிராம் மாவு வீதம் சுமார் 65 வரும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். கடையில் வெல்லம் கேட்கும்போது 'பாகு வெல்லம்' என்று சொல்லிக் கேட்க வேண்டும். பார்க்கப் பளபளவென்று மஞ்சளாக இருப்பதை அம்மா தொடவே மாட்டார். கறுத்த வெல்லம்தான் பாகுக்கு நிற்கும் என்பார்.

அரிசியைக் கழுவி இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, பழைய வேட்டியில் பரப்பி ஃபேனுக்குக் கீழே நாற்பது நிமிடம் போட்டேன். வெயிலில் போடக் கூடாது. கையில் அள்ளிப் பிடித்தால் அரிசி உள்ளங்கையில் ஒட்ட வேண்டும், ஆனால் கை நனையக் கூடாது. நிறுத்துப் பார்த்தேன், 1,900 கிராம். ஒன்றரைக் கிலோ அரிசி 400 கிராம் தண்ணீரை உள்ளே வைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த 400 கிராம்தான் அதிரசத்தின் பாதிக் கதை. அரிசி முழுக்கக் காய்ந்துவிட்டால் மாவு பாகை எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும், சுட்டால் ஓடு மாதிரி வரும்.

மாவு மில்லில் பண்டிகைக் கூட்டம். மில்காரர் வாளியை வாங்கும்போதே, "அதிரசமா, முறுக்கா?" என்று கேட்டார். முறுக்கு அரிசி அரைத்த பிறகு ஈர அரிசி, ஈர அரிசிக்குப் பிறகு மறுபடி முறுக்கு என்று மாற்றி மாற்றிப் போட மாட்டார். ஈர அரிசி வரிசை தனி. எனக்கு முன்னால் ஆறு பேர், ஆறுமே அதிரசம். எந்திரம் ஏற்கெனவே சூடாகிவிட்டால் மாவின் ஈரம் கொஞ்சம் பறந்துவிடும். அதனால் அரைத்து வந்ததும் மாவைத் தட்டிச் சலித்து, பாத்திரத்தில் அமுக்கி, ஈரத் துணி போட்டு மூடிவிட வேண்டும். இதெல்லாம் அம்மா சொன்னபடி ஒழுங்காகச் செய்தேன்.

பாகு வைக்கும்போது அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. தெர்மாமீட்டர் இருக்கும்போது எதற்கு எழுப்ப வேண்டும்?

வெல்லத்தை உடைத்து, கால் லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, வடிகட்டினேன். அடியில் ஒரு சிட்டிகை மணல், கரும்புச் சக்கைத் துணுக்கு. மறுபடி அடுப்பில் ஏற்றினேன். அதிரசத்துக்குப் பாகு இளம் உருண்டைப் பதம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் சேர்த்தால் கரையாமல் மெத்தென்று உருண்டு வர வேண்டும். உருண்டையைக் கிண்ணத்தில் தட்டினால் 'டங்' என்று சத்தம் கேட்டால் தாண்டிவிட்டது, அது பொரிவிளங்காய்க்கான பதம். தெர்மாமீட்டர் கணக்கில் இளம் பதம் 112-லிருந்து 116 டிகிரி. தெர்மாமீட்டரைப் பாத்திரத்தில் நிறுத்திவைத்து, 114 காட்டியதும் அடுப்பை அணைத்தேன். தண்ணீரில் விட்டுப் பார்க்கவில்லை. அந்தக் கிண்ணத்தைத் தேடக்கூட இல்லை.

ஏலக்காய், அரை ஸ்பூன் சுக்குப்பொடி, இரண்டு ஸ்பூன் எள் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறினேன். சூடாக இருக்கும்போது இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் போதும், ஆறினால் இறுகும். மேலே நெய் தடவி, எவர்சில்வர் தூக்கில் வைத்து, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, மூலையில் வைத்தேன். செல்போனில் படம் எடுத்து அண்ணிக்கு அனுப்பினேன்.

திங்கள்

மறுநாள் மாவு இறுகியிருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்க வேண்டும். என்னுடையதில் குழி மெதுவாக மூடிக்கொண்டது, விரலில் பசை போல் ஒட்டியது. கோளாறு என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். 'இன்னும் ஒரு நாள் போனால் சரியாகிவிடும்' என்று துணியைக் கட்டிவிட்டேன். வேலையில் யாராவது இப்படிச் சொன்னால் நான் விட்டிருக்க மாட்டேன்.

செவ்வாய், இரண்டு முறை தோற்றது

மாலையில் சோதனைக்கு மூன்று போட்டேன். கதை மேலே சொன்னதுதான். உதிர்ந்ததை வடிகட்டி ஒரு தட்டில் கொட்டிவைத்தேன், தூக்கிப் போட மனம் வரவில்லை.

அம்மா எட்டிப் பார்த்தார். "பாகு இளசுடா" என்றார்.

"114 வந்துச்சும்மா."

"தண்ணியில விட்டுப் பாத்தியா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை, டிவி பார்க்கப் போய்விட்டார். இரண்டு திட்டுத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மாவு இளகியிருந்தால் மாவு சேர்த்தால் சரி என்று எல்லாரும் சொல்வார்கள். அது உண்மையும்கூட. நான் செய்த தப்பு, கடைக்குப் போய்ப் பாக்கெட் அரிசிமாவு வாங்கி வந்தது. நல்லவேளையாக மொத்தத்திலும் கொட்டவில்லை, கால் பங்கைத் தனியாக எடுத்து அதில்தான் சேர்த்தேன். உருட்டும்போது அருமையாக வந்தது. ஒட்டவே இல்லை. எண்ணெயில் போட்டேன், உதிரவும் இல்லை. ஆனால் வெந்து வரும்போது மேலே வறண்ட ஏரி மாதிரி வெடிப்பு. ஆறவைத்துக் கடித்தால் வெளியே ஓடு, உள்ளே பச்சை மாவு வாசனை.

ராத்திரி படுத்தபடி யோசித்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. அதிரசத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று அரிசி குடித்தது, இன்னொன்று பாகில் மிச்சம் நிற்பது. பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் குறைகிறது, தண்ணீர் குறையக் குறையக் கொதிநிலை ஏறுகிறது. ஆக 114 டிகிரி என்று நாம் பார்ப்பது சூடு மட்டுமில்லை, பாகில் எவ்வளவு தண்ணீர் பாக்கி என்ற கணக்கும்தான். அம்மா கிண்ணத்துத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பதும் அதே கணக்கைத்தான். தண்ணீர் கூடுதலாக நின்றால் மாவுக்குப் பிடிப்பு இருக்காது, எண்ணெய்க்குள் அது ஆவியாகிச் சீறும்போது வெல்லமும் உருகி ஓட, மாவுத் துகள்கள் கைவிட்டுப் போகும்.

பாக்கெட் மாவு ஏன் காலை வாரியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கொதித்த பாகில் ஈர மாவு விழுந்தபோது மாவு பாதி வெந்தது. அந்த வெந்த மாவுதான் பசை. ஆறிப்போன கலவையில் காய்ந்த மாவைச் சேர்த்தால் அது வேகாமல், ஒட்டாமல், தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

மிச்சம் ஒரு கேள்வி. 114 காட்டிய பாகு எப்படி இளசாகும்?

புதன், பழுதுபார்ப்பு

காலையில் முதல் வேலையாக அதே பாத்திரத்தில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்தேன். தெர்மாமீட்டரின் நுனியை ஞாயிறு வைத்த மாதிரியே அடியில் படும்படி நிறுத்தினேன். 104 காட்டியது. எங்கள் ஊரில் தண்ணீர் 104 டிகிரியில் கொதிக்க வழியே இல்லை. நுனியைத் தூக்கித் தண்ணீருக்கு நடுவில் பிடித்தேன், 99-க்கும் 100-க்கும் இடையில் நின்றது. அடுப்புத் தீ நேராகப் படுகிற பாத்திரத்தின் அடியைத்தான் ஞாயிற்றுக்கிழமை அளந்திருக்கிறேன். அகலமான பாத்திரத்தில் பாகு இரண்டு விரல் உயரம்கூட இல்லை, நுனி எங்கே போகும்? உண்மையில் பாகு 109, 110-ல்தான் இருந்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் கூடுதலாக நின்ற தண்ணீர் மொத்த மாவிலும் நூறு மில்லிகூட இருக்காது. அரை டம்ளர் தண்ணீர், மூன்று கிலோ மாவு காலி.

அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அரை ஆழாக்கு கூட வேணாம், சமயத்துல ரெண்டு கரண்டி தண்ணி போதும் அதிரசத்தைக் கெடுக்க" என்றார். அப்புறம் நாற்காலியைச் சமையலறைக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் அவர் சொல்லச் சொல்ல நான் செய்தது:

400 கிராம் பச்சரிசி ஊறவைத்து, இந்த முறை நிழலில் இன்னும் இருபது நிமிடம் கூடுதலாக உலர்த்தினோம். மில்லுக்குப் போக நேரமில்லை, மிக்சியில் அரைத்து இரண்டு முறை சலித்தேன். 200 கிராம் வெல்லத்தில் புதுப்பாகு, சின்னப் பாத்திரத்தில், ஆழமாக. தெர்மாமீட்டரைப் பாகின் நடுவில் பிடித்துக்கொண்டேன், கிண்ணத்தில் தண்ணீரும் வைத்துக்கொண்டேன்.

110-ல் ஒரு சொட்டு விட்டேன், தண்ணீரில் படர்ந்து விரலுக்கு அகப்படவில்லை. 113-ல் அகப்பட்டது, ஆனால் எடுத்ததும் விரலிலேயே வழிந்தது. 116-ல் அம்மா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். மடங்காத விரலால் மெதுவாகச் சேர்த்து, உருட்டாமல், அடியில் சும்மா தள்ளிப் பார்த்தார். உருண்டை நெளிந்து நகர்ந்தது. "இன்னும் ஒரு கொதி" என்றார். பழைய மாவு இளகியிருப்பதால் புதுப்பாகு சராசரியைவிட ஒரு படி தாண்டி இருக்க வேண்டுமாம். 118-ல் அடுப்பை அணைக்கச் சொன்னார். நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் தெர்மாமீட்டர் பக்கம் திரும்பவே இல்லை.

கொதிக்கிற பாகைப் புது ஈர மாவில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும், பழைய மாவை எலுமிச்சை அளவு எலுமிச்சை அளவாகக் கிள்ளிப் போட்டுச் சேர்த்துப் பிசைந்தேன். மொத்தமாகப் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும். இருபது நிமிடம் பிசைந்திருப்பேன். தோள்பட்டை கழன்றது. அம்மா இத்தனை வருஷமாக இதை யாரையும் கூப்பிடாமல் செய்திருக்கிறார்.

மைதா இரண்டு ஸ்பூன் சேர்த்தால் இதெல்லாம் வேண்டாம் என்று போனில் சித்தி சொன்னார். சேர்த்தால் பிரியாது, உண்மைதான். நோன்புக்கு அது கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். எனக்குமே மைதா போட்ட அதிரசம் ஆறியதும் ரப்பர் மாதிரி இழுக்கும் என்பதால் பிடிக்காது. இதற்கு நேர் எதிர்க் கோளாறு வந்தால், அதாவது பாகு முற்றி மாவு கல்லாகிவிட்டால், கொஞ்சம் வெதுவெதுப்பான பாலோ, நன்றாகக் கனிந்த வாழைப்பழம் பாதியோ போட்டுப் பிசைந்தால் இளகும். அது சுலபமான பழுது. இளம்பாகுதான் வேலை வாங்கும்.

பாக்கெட் மாவு போட்டுக் கெடுத்த கால் பங்கு தனியாகக் கிடந்தது. அதில் இரண்டு வாழைப்பழம், தேங்காய்த் துருவல், கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்துக் குழிப்பணியாரச் சட்டியில் சுட்டோம். அன்று ராத்திரி டிபன் அதுதான். யாரும் குறை சொல்லவில்லை.

வியாழன், தீபாவளி

துணியை அவிழ்த்து விரலை வைத்தேன். குழி விழுந்தது, நின்றது.

தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வைத்திருக்கிறார்கள். அதனால் நடுவில் பிள்ளைகளுக்கு வேலை இல்லை, மூன்று பேர் அடுப்படியிலேயே நின்றார்கள். ஒருவன் எண்ணுகிறவன், ஒருத்தி உருட்டுகிறவள், கடைக்குட்டி ருசி பார்க்கிறவன்.

நாலு வீடு தள்ளித் தெலுங்கு பேசுகிற அத்தை ஒருவர் இருக்கிறார். அவர்கள் வீட்டில் இதே பலகாரம் அரிசெலு. கர்நாடகத்துக்காரர்களுக்கு இது கஜ்ஜாய, மராட்டியர்களுக்கு அனாரசா. அரிசெலுவை எண்ணெய் பிழிந்து எடுப்பதற்கென்றே கைப்பிடி வைத்த இரண்டு மரப்பலகைகள் அத்தையிடம் உண்டு. இரவல் வாங்கி வந்திருந்தேன். இரண்டு ஜல்லிக்கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்துவதைவிட இது எவ்வளவோ மேல். கரண்டியில் அழுத்தினால் ஒரு பக்கம் சாய்ந்து அதிரசம் பிறைச்சந்திரன் ஆகிவிடும்.

முதல் உருண்டை சின்னதாக, பிள்ளையாருக்கு. வாழையிலையில் நெய் தடவி, அரை விரல் கனத்துக்குத் தட்டி, கடலை எண்ணெயில் நழுவவிட்டேன். அடுப்பு மிதமாக. எண்ணெய் புகையக் கூடாது, 160 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றால் போதும். கீழே போன அதிரசம் மெதுவாக மேலே வந்தது. சுற்றிலும் சின்னச் சின்னக் குமிழி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓரம் சிவந்தது, நடு உப்பியது. திருப்பிப் போட்டு, இன்னும் அரை நிமிடம். பலகைக்கு நடுவில் வைத்து அழுத்தினால் எண்ணெய் 'சொய்ங்' என்று வாணலிக்குள் வடிந்தது. எடுக்கும்போது துவண்டுதான் இருக்கும், பயப்பட வேண்டாம். தட்டில் ஆறும்போது தானாகக் கெட்டிப்படும். ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாகச் சூட்டோடு அடுக்கினால் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது கிழியும். இதில் மட்டும் மூன்று போயின.

திருமலை திருப்பதி கல்வெட்டுகளில் 'அதிரசப்படி' என்று ஒரு படையல் வருகிறது. அப்பப்படி, வடைப்படி, சுகியன்படி மாதிரி இதுவும் ஒன்று, இதற்கென்று மானியம் விட்டிருக்கிறார்கள். இன்ன பொருள் இன்ன அளவு என்று கல்லில் வெட்டிவைத்தவர்கள் மடைப்பள்ளியில் பாகு இளசாகிப்போன நாளில் என்ன செய்தார்கள் என்று அடுப்படியில் நின்றபோது எனக்கு ஓடியது.

ஏழு மணிக்குப் பிள்ளைகள் பட்டாசுக்கு ஓடிவிட்டார்கள். எண்ணுகிறவன் போகும்போது சுவரில் கரியால் 58 என்று எழுதிவிட்டுப் போனான். ஒட்டிக் கிழிந்த மூன்றும் அதில் அடக்கம். கடைக்குட்டி உள்ளே தள்ளியதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வெள்ளி, படையலும் விருந்தும்

விருந்துப் பகுதியைச் சுருக்கமாகவே எழுதுகிறேன், அதில் பழுது எதுவும் இல்லை. எங்கள் வீட்டு வழக்கப்படி படையலில் வைத்த 21 அதிரசமும் பங்காளிகளுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்குப் படைக்காமல் தனியாக வைத்ததிலிருந்து கொடுப்போம். அதனால்தான் 65 கணக்குப் போட்டது. அமாவாசை ஆறு மணிக்கு மேல்தான் முடிகிறது என்றாலும் ஐந்துக்கெல்லாம் படைத்து, கயிறு கட்டி முடித்துவிட்டோம்.

காலையிலிருந்து விரதம் இருந்தவர்கள் பசியோடு வருவார்கள், ஆனால் வெறும் வயிற்றில் முதலிலேயே எண்ணெய்ப் பலகாரம் கொடுத்தால் ஒன்றோடு நிறுத்திவிடுவார்கள். அதனால் வாசலிலேயே ஒரு டம்ளர் பானகம். பின்னே இலை. புளியோதரைக்கு ஒன்றரைக் கிலோ அரிசி, தயிர்சாதத்துக்கு ஒரு கிலோ, ஆக இரண்டரைக் கிலோ, 22 பேருக்கும் வீட்டாருக்கும் மிஞ்சாமல் சரியாக இருந்தது. ஒரு கிலோ உளுந்தில் அறுபதுக்கு மேல் வடை வந்தது. பச்சைப்பயறுச் சுண்டல், பால் பாயசம். புளிக்காய்ச்சலை முந்தின நாளே செய்துவைத்தது புத்திசாலித்தனம். தயிர்சாதத்தில் பால் நிறைய ஊற்றி, தயிர் கொஞ்சமாக விட்டுக் காலையிலேயே பிசைந்துவைத்தால் சாயங்காலம் புளிக்காது. கடைசியில் சுக்குமல்லிக் காபி மூன்று லிட்டர், இரண்டு ஃப்ளாஸ்க்கில். பெரியப்பா ஒருவர் மட்டும் ஃபில்டர் காபி கேட்டார். எந்த வீட்டு விசேஷத்திலும் ஒருவர் கேட்பார்தானே.

விருந்துக்கு வந்த இடத்தில் ஆற்காட்டு மக்கன் பேடா டப்பா நாலு சேர்ந்துவிட்டது. இந்த ஊருக்கே மக்கன் பேடா வாங்கிக்கொண்டு வருகிற சொந்தக்காரர்களை என்ன சொல்வது? பேடாவுக்குப் பக்கத்தில் என் அதிரசத்தை வைக்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, நிறமும் ஒன்று கறுப்பு ஒன்று பழுப்பு. ஆனால் முதலில் காலியானது அதிரசத் தட்டு. இது என் பெருமைக்குச் சொல்வதில்லை. பேடாவைப் பெட்டியோடு வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று எல்லாரும் கணக்குப் போட்டிருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை உதிர்ந்துபோன தூள் ஞாபகம் இருக்கிறதா? எண்ணெய் வடிந்து மொறுமொறுவென்று ஆகியிருந்ததை அண்ணி கண்டுபிடித்து, பிள்ளைகளுக்கு வெனிலா ஐஸ்கிரீம் மேல் தூவிக் கொடுத்தார். வெல்லம் கருகின வாசனை, சுக்கு, நடுவில் எள் கடிபடுவது, அந்தக் குளிர்ச்சியில் நன்றாக எடுத்தது. பெரியவர்களும் கிண்ணத்தோடு வரிசையில் வந்துவிட்டார்கள். தூள் தீர்ந்ததும் ஒரு பெண், "அங்கிள், இன்னும் ரெண்டு அதிரசம் உடைங்களேன்" என்றாள். அம்மா முறைத்த முறைப்பில் ஐஸ்கிரீமே உருகியிருக்கும்.

சனிக்கிழமை

தூக்கில் ஒன்பது மிச்சம். அதிரசம் சுட்ட அன்றைவிட மூன்றாம் நாள் நன்றாக இருக்கும், மேல் ஓடு தளர்ந்து உள்ளே ஒரே சீராகிவிடும். தெர்மாமீட்டரின் கம்பியில் மர கிளிப் ஒன்றை மாட்டிவைத்திருக்கிறேன், இனி அது பாத்திரத்தின் விளிம்பில் தொங்கும், அடியில் படாது. அம்மாவின் கிண்ணத்தையும் அதே டிராயரில் வைத்திருக்கிறேன்.

அத்தையின் பலகைகளைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வெறுமனே கொடுக்கக் கூடாது என்று அம்மா நாலு அதிரசம் வைத்து அனுப்பினார். அத்தை வாசலிலேயே ஒன்றை எடுத்து, சாப்பிடவில்லை, இரண்டாக விண்டார். விண்ட இடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் மென்றார்.

"பாகு பிடிச்சிருச்சுப்பா" என்றார். "எள்ளுதான் போதல."